முட்டை இளைக்க வேண்டும்

நாட்டுக்கோழி வளர்ப்போர் இன்குபேட்டர் வாங்கியதும் முதலில் வெப்பநிலையைத்தான் பார்ப்பார்கள். மின்விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ் மாறாமல் நிற்கும். 21 நாளும் கழியும். ஆனாலும் சில முட்டைகளில், முழுதாய் வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கும். பல நேரம் அதற்குக் காரணம் ஈரப்பதம்.

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஆக்சிஜன் உள்ளே போகிறது. கரியமில வாயுவும் நீராவியும் வெளியேறுகின்றன. நீர் வற்ற வற்ற, அகன்ற முனையில் இருக்கும் காற்றறை பெரிதாகிறது. ஓட்டை உடைப்பதற்கு முன், குஞ்சு அந்த அறையின் சவ்வை அலகால் கிழித்து, நுரையீரல் நிறைய முதல் மூச்சை இழுக்கிறது. முட்டை இளைத்தால்தான் அந்த மூச்சுக்கு இடம் கிடைக்கும்.

எவ்வளவு இளைக்க வேண்டும்? முதல் 18 நாளில் சுமார் 12 சதவீதம். 50 கிராம் முட்டை 44 கிராமுக்கு வர வேண்டும். ஈரம் மிகுந்தால் காற்றறை சிறுத்துப்போகும். குஞ்சு உப்பி, திரும்ப இடமின்றித் திணறும். ஈரம் குறைந்தால் சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும்.

இதற்காக 18ஆம் நாள்வரை 50 முதல் 55 சதவீத ஈரப்பதம் வைப்பது வழக்கம். ஆனால் ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்பச் செய்முறை மாற வேண்டும். மழைநாளில் 25 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றும், பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்போது தண்ணீர்த் தட்டே தேவைப்படாமல் போகலாம். வறண்ட கோடையில் 35 டிகிரி, 30 சதவீதக் காற்று உள்ளே வந்தால் 26 சதவீதம்தான் மிஞ்சும். அப்போது தட்டு கட்டாயம். தட்டின் ஆழத்தைக் கூட்டிப் பயனில்லை. நீர்ப்பரப்பு அகலமானால்தான் ஈரம் ஏறும்.

18ஆம் நாள் முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு உயர்த்துங்கள். குஞ்சு ஓட்டை உடைக்கும்போது சவ்வு இளகி இருக்க வேண்டும். ஆர்வத்தில் மூடியைத் திறந்தால் ஈரம் நொடியில் பறந்துவிடும்.

மலிவான ஈரமானிகள் பிழை காட்டக்கூடும். ஆகவே பென்சிலால் எண் இட்ட சில முட்டைகளை வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். ஏழாம் நாளில் 50 கிராம் முட்டை இரண்டு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இளைத்திருந்தால் சரி. அதைவிட மிகுதியாக இளைத்திருந்தால் நீர்ப்பரப்பைக் கூட்டுங்கள். இளைக்கவே இல்லையென்றால் தட்டை வெளியே எடுங்கள். திருத்திக்கொள்ள இன்னும் 11 நாள் கையில் இருக்கும்.