காக்கா ஆழியைத் தின்ன யார் வருவார்?

எண்ணூர், பழவேற்காடு மீனவர்களிடம் காக்கா ஆழி என்று சொன்னாலே முகம் சுருங்கிவிடுகிறது. விரல் நீளம்கூட இல்லாத கறுத்த மட்டி அது. தென் அமெரிக்கப் பக்கத்துச் சரக்கு; கப்பலோடு வந்திருக்கும் என்கிறார்கள். நூல் நூலாக இழைவிட்டு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கழிமுகத்தின் அடித்தரையையே மூடிவிடுகிறது. இறால் புதைய மண் கிடைப்பதில்லை. கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் விரலையும் பாதத்தையும் ஓட்டின் விளிம்பு கிழிக்கிறது. கேரளத்து அஷ்டமுடிக் காயலிலும் இதே அவதி.

பல்லடத்துக்காரர்களுக்கு இதில் என்ன? இந்த மட்டிக்கு உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும், நொய்யலுக்கு வராது. ஆனால், "இதைத் தின்கிற ஏதாவதொன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டால் ஆச்சு" என்ற யோசனை நம் பக்கத்தில்தான் சட்டென்று எடுபடும். பப்பாளி மாவுப்பூச்சியை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2008-ல் கோவையில் தலைகாட்டிய அது பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எதையும் விட்டுவைக்கவில்லை. மருந்தடித்து ஓய்ந்துபோயிருந்த நேரத்தில், 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிகள் சில மாதங்களில் அதை அடக்கின. அந்த வெற்றிதான் என்னைப் பயமுறுத்துகிறது.

குளவி மாவுப்பூச்சியின் உடலைத் தேடித்தான் முட்டையிடும். மட்டி, நத்தை தின்னும் பிராணிகள் பலவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிக்க 1955-ல் ஹவாய்த் தீவுகளில் புளோரிடாவின் வேட்டை நத்தையை விட்டார்கள். அது ராட்சத நத்தையை ஒழிக்கவில்லை. அங்கே மட்டுமே வாழ்ந்த மர நத்தை இனங்கள் பலவற்றைத் தின்று தீர்த்தது. 1977-ல் மூரேயா தீவிலும் அதையே செய்தார்கள், அங்கும் அதே முடிவு. மீன் பண்ணைகளில் நத்தையைத் தின்ன அமெரிக்கா கொண்டுபோன கறுப்புக் கெண்டை, இன்று மிசிசிப்பி ஆற்றில் இறங்கி அந்த மண்ணின் மட்டிகளையே மேய்கிறது.

வட அமெரிக்காவின் பேரேரிப் பகுதியில் 1988-ல் கண்டுபிடிக்கப்பட்ட வரிக்குதிரை மட்டியையும் பாருங்கள். முங்கு வாத்துகள் அதைக் கூட்டம் கூட்டமாகத் தின்கின்றன. தொண்டைப் பல்லால் ஓட்டை நொறுக்கும் மீனும் உண்டு. ஆனாலும் ஒரு பெண் மட்டி ஆண்டுக்கு லட்சக்கணக்கில் முட்டையிடுவதால் தின்ற இடம் மறுபடி நிரம்பிவிடுகிறது. பின்னாலேயே வந்து சேர்ந்த உருண்டை கோபி மீன் மட்டியையும் தின்கிறது, உள்ளூர் மீன்களின் முட்டையையும் தின்கிறது.

மட்டிக்கும் நத்தைக்கும் உள்ளூர் எதிரிகள் நம்மிடமே இருக்கிறார்கள். கழிமுகத்தில் களி நண்டு. அதன் கனத்த கொடுக்குக்கு மட்டி ஓடு தாங்காது. கோவைக் குளங்களில் நத்தைகுத்தி நாரை. அலகின் நடுவே ஓர் இடைவெளி இருக்கும், பார்த்திருப்பீர்கள். நத்தையைச் சேற்றில் அழுத்திப் பிடித்து, கீழ் அலகின் நுனியை உள்ளே விட்டுத் தசையை அறுத்து, ஓடு உடையாமல் சதையை மட்டும் உருவி எடுக்கும். குளத்தில் சாயக்கழிவைக் கலந்தால் இந்த நாரைகளும் போய்விடும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர் முகத்துவாரத்தில் நண்டுக்கும் வாழ்வில்லை.

இரை தின்னிகளை நம்பிக் காத்திருக்க முடியாது, இயந்திரம் வைத்து வாரியெடுங்கள் என்கிறார்கள் மீனவர்கள். அவர்கள் படும் பாட்டுக்கு அது நியாயம்தான்.

நம் கவலை வேறு. அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 1,045 குளம் குட்டைகளைக் குழாயால் இணைத்திருக்கிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலோ நம் காட்டு வழியே ஓடுகிறது. ஒரு குட்டையில் விட்டது இனி ஒரு குட்டையோடு நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்களே, நத்தை தின்னும், பாசி தின்னும் என்று யார் எதைக் கொண்டுவந்து விற்றாலும் வாங்கிக் குட்டையில் விடாதீர்கள். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை எடுத்த எடுப்பிலேயே மறுத்துவிடுங்கள். மீன் தொட்டியில் வளர்ந்து பெருத்த டேங்க் கிளீனர் மீனை வாய்க்காலில் கொட்டாதீர்கள்.