இரு மண்டபங்களும் ஒரு பீடமும்

வானவடியில் வாழும் நம்மவருள் கத்தோலிக்கக் குடும்பத்தினர் பலர், ஞாயிறுதோறும் எம்ப்ரஸ் தோட்டத்தின் பக்கமுள்ள அர்ச். பத்திரிசியார் பேராலயத்திற்குப் பூசை காணச் செல்வதை அறிவோம். அது 1850இல் அயர்லாந்து நாட்டுப் படைவீரருக்கென எழுந்த கோயில். புனே நகரில் அதற்கும் மூத்த மாதா கோயிலோ, பேஷ்வா சவாய் மாதவராவ் தம் படையிலிருந்த கோவா நாட்டுக் கிறிஸ்தவர்களுக்காக 1792இல் அளித்த நிலத்தில் தோன்றியது. தொடக்கத்தில் ஒவ்வொரு கூட்டத்தாருக்கென அமைந்த இக்கோயில்களில் இன்று தமிழரும் கொங்கணியரும் மராத்தியரும் ஒரே வரிசையில் முழந்தாளிடுகின்றனர். இதைக் காணும்போதெல்லாம் நம் தென்னாட்டுச் சிற்றூர்க் கோயில் ஒன்றின் வரலாறு நம் நினைவுக்கு வருகின்றது. அங்கே பிரிவினை என்பது மனத்தளவில் நில்லாமல் கல்லும் சுண்ணாம்புமாகவே எழுந்து நின்றது.

நெல்லை மாவட்டத்தின் தென்கோடியில், காவல்கிணற்றுக்கு அருகே உள்ளது வடக்கன்குளம். மிகப் பழைய கத்தோலிக்கப் பங்குகளுள் ஒன்று. திருவாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் அரண்மனை அலுவலராயிருந்த நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாயின் வாயிலாகக் கிறிஸ்து மறையை அறிந்து, 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்று, 'தேவசகாயம்' என்னும் பெயர் ஏற்றது இவ்வூரிலேதான். திருமுழுக்கு அளித்தவர் சேசு சபையின் புத்தாரி சுவாமி. ஆனால் அன்றிருந்த கோயில் வேறு. நாம் சொல்லவந்த கோயில் வேறு.

சேசு சபை கலைக்கப்பட்டு மீண்டும் நிறுவப்பட்ட பின், 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மிஷனுக்கு வந்தனர். வடக்கன்குளத்தில் அவர்கள் கண்டது ஓயாத வழக்கு. வேளாளரும் முதலியாரும் ஒரு பக்கம்; நாடார் பெருமக்கள் மறுபக்கம். ஒரே கூரையின் கீழ் அருகருகே அமர்ந்து பூசை காண மேற்சொன்னவர் இசையவில்லை. தனித்தனிக் கோயில் கட்டிவிடலாம் எனின், ஒரு பங்கு இரண்டாய் உடையும். அன்றியும் பலி ஒன்று, பீடம் ஒன்று என்பது திருச்சபையின் போதனை. இந்த இக்கட்டுக்குக் கிரெகுவார் சுவாமி கண்ட வழி, 1872இல் எழுந்த திருக்குடும்பக் கோயில்.

அதன் அமைப்பைச் சற்றே மனக்கண்ணில் காண்போம். பொதுவாகக் கோயிலென்றால் நீண்ட மண்டபம் ஒன்று, அதன் முடிவிலே பீடம். இங்கோ பீடத்திலிருந்து இரண்டு மண்டபங்கள் கவட்டைபோல் விரிந்து சென்றன. நடுவே மறைக்கும் சுவர். இரு மண்டபத்தாரும் குருவானவரைக் காண்பர். அப்பத்தையும் இரசத்தையும் அவர் உயர்த்துவதைக் காண்பர். ஒருவரையொருவர் மட்டும் காணார். இரண்டு கால்களும் இடுப்பில் கூடும் கால்சட்டைக்கு இதனை ஒப்பிட்டுப் பேசியவர் உண்டு. ஒப்புமை வேடிக்கையானதுதான், ஆனால் பொருத்தமானது. கட்டியவரின் சாமர்த்தியத்தை வியப்பதா, அச்சாமர்த்தியம் தேவைப்பட்டதற்கு வெட்குவதா என்று நமக்கு விளங்கவில்லை. கிரெகுவார் சுவாமியைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. இரு சாராரையும் ஒரு பீடத்தின் முன் நிறுத்திவைக்க அவர் பாடுபட்டார். எனினும், தற்காலிகமாய் இடும் வேலியே நாளடைவில் உரிமையாகிவிடும் என்பதை அவர் எண்ணியிருக்கமாட்டார்.

சுவர் 38 ஆண்டுகள் நின்றது. 1910இல் கௌசானல் சுவாமி அதனை இடித்தெறிந்தார். அவரும் பிரெஞ்சுக்காரரே, சேசு சபையினரே. முன்னவர் கட்டியதைத் தம் சபையைச் சேர்ந்த பின்னவர் இடிக்க நேர்ந்தது காண்க. ஊர் கொதித்தது. சுவரை மீண்டும் எழுப்பவேண்டும், அது தங்கள் உரிமை என்று மேல்சாதியார் வழக்குத் தொடுத்தனர். திருச்சி மேற்றிராணியார் பார்த் ஆண்டகையின் பெயர் தாங்கிய அவ்வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. நீதிபதிகள் கோரிக்கையை ஏற்கவில்லை. சாதியைக் காரணங்காட்டிக் கோயிலுக்குள் தனியிடம் கேட்க எவருக்கும் உரிமையில்லை என்று ஆயிற்று. சுவர் மறுபடி எழவில்லை.

தேவசகாயமோ சாதி பாராது எல்லாரோடும் சமமாய்ப் பழகியவர். 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அப்போது அவர் பெயரோடு நெடுங்காலம் வழங்கிவந்த 'பிள்ளை' என்னும் சாதிப் பட்டம் நீக்கப்பட்டது. 1910இல் இடித்த சுவரின் கடைசிக் கல் அன்றுதான் அகன்றது போலும் என எண்ணினோம்.

விடுமுறையில் நாகர்கோவில் விரைவு வண்டியேறி ஊர் செல்லும் அன்பர்கள், கோட்டாற்றுச் சவேரியார் கோயிலில் அப்புனிதரின் கல்லறையைக் காணலாம். நெல்லைப் பெருவழியிலே காவல்கிணறு வரை வந்துவிட்டால், வடக்கன்குளம் அதிகத் தொலைவில்லை. குழந்தைகளையும் உடன் அழைத்துச் சென்று, சுவர் நின்ற கதையை அவ்விடத்திலேயே சொல்லுங்கள்.