சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு!

கர்ப்பப்பை வாய் புற்றுநோயைக் கண்டுபிடிக்க 2 சோதனைகள் உண்டு. ஒன்று "பாப் ஸ்மியர்". மற்றொன்று "பயாப்சி".

ஸ்மியரில் கோளாறு என்றதுமே, "புற்றுநோய் வந்துவிட்டது" என்று பல பெண்கள் இடிந்துபோகிறார்கள். அது தவறு. ஸ்மியர், சந்தேகப்படும் போலீஸ்காரர். தீர்ப்புக் கூறும் நீதிபதி, பயாப்சிதான்!

கிரேக்க டாக்டர்

ஸ்மியர் சோதனைக்குப் பெயர் தந்தவர், டாக்டர் பாப்பனிகோலோ. கிரேக்க நாட்டில் பிறந்தவர். 1913-ல் அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் ஆராய்ச்சி செய்தார்.

1928-ல் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டார். அப்போது அதற்கு மதிப்பு இல்லை. பயாப்சி இருக்கும்போது இது எதற்கு என்று டாக்டர்கள் எண்ணினார்கள்.

அவர் மனம் தளரவில்லை. டாக்டர் டிராட் என்பவருடன் சேர்ந்து, 1941-ல் மீண்டும் முடிவுகளை வெளியிட்டார். கண்ணுக்குப் புண் தெரியும் முன்பே ஸ்மியர் எச்சரிக்கிறது என்பதை மருத்துவ உலகம் உணர்ந்தது.

இலையும் மரமும்

ஸ்மியர் எடுப்பது சில நிமிட வேலை. சிறு தூரிகையால் கர்ப்பப்பை வாயை வருடுகிறார்கள். ஒட்டி வரும் உயிரணுக்களுக்குச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள்.

இது, உதிர்ந்த இலைகளைப் பார்ப்பது போன்றது. இலையில் பூச்சி தெரியும். மரத்துக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தெரியாது.

அதற்குத்தான் பயாப்சி. கர்ப்பப்பை வாயில் ஒரு திரவத்தைத் தடவுகிறார்கள். கோளாறு உள்ள இடம் வெளுத்துக் காட்டும். பெரிதாக்கிக் காட்டும் கருவி மூலம் பார்த்து, அங்கே துளி சதையைக் கிள்ளி எடுக்கிறார்கள். அதை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவிப் பார்க்கிறார்கள்.

கோளாறு மேல்படலத்தோடு நிற்கிறதா? அப்படியானால் அது இன்னும் புற்றுநோய் ஆகவில்லை. அந்த இடத்தை மட்டும் அகற்றியே பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். படலத்தைத் தாண்டி ஆழத்தில் இறங்கிவிட்டதா? அதுதான் புற்றுநோய்.

பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

சதை எடுத்தால் நோய் பரவும் என்று பயந்து, பயாப்சியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. அதனால் நோய் பரவாது.

ஸ்மியர் சில சமயம் நோயைத் தவறவிடுவதும் உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, தாம்பத்திய உறவுக்குப்பின் ரத்தம் கசிந்தாலோ, "ஸ்மியர் நன்றாக இருந்ததே" என்று சும்மா இருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

இன்று பல நாடுகளில் "எச்.பி.வி." வைரஸ் சோதனையை முதலில் செய்கிறார்கள். அதுவும் சந்தேகத்தைத்தான் சொல்லும். புற்றுநோயா, இல்லையா என்று உறுதி செய்வது பயாப்சியே!