மதுரை வட்டாரத்தில் வீட்டு வகைகளும் கட்டுமான மேலாண்மையும்

ஒரு கட்டடப் பணியின் காலம், செலவு, தரம் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே திட்டமிட்டு, ஒன்று மற்றொன்றைக் கெடுக்காதபடி கவனித்து முடிப்பது கட்டுமான மேலாண்மை ஆகும். இது அணை, பாலம் போன்ற பெரும் பணிகளுக்கே உரியது என்று பலர் கருதுவதுண்டு. ஆனால் ஒரு குடும்பம் தன் வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்துப் போடும் வீட்டிற்கும் இது தேவை. மதுரை நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் வீட்டின் வகைக்கு ஏற்ப இந்தப் பொறுப்பை ஏற்பவர் மாறுகிறார். பொறுப்பாளர் யார் என்பது தெளிவில்லாத இடத்தில்தான் தாமதமும் வீண்செலவும் தொடங்குகின்றன.

வீட்டு வகைகள்

பழைய நகர வீடுகள்: மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்த சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளை ஒட்டிய மனைகள் பல, முகப்புக் குறுகி உள்நீளம் மிகுந்தவை. பக்கத்து வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்ட பிறகு வெளி வீதிகள் உருவாயின. ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் நடந்த அப்பணியில் பங்கேற்ற பெருமாள் மேஸ்திரியின் பெயரால் இன்றும் ஒரு வீதி உள்ளது. கோயிலிலிருந்து 1 கிலோமீட்டர் சுற்றளவில் கட்டடங்களின் உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதால், இங்கு மாடிமேல் மாடி எழுப்ப இயலாது.

தனி வீடுகள்: புறநகர்களில் மிகுதியாகக் காணப்படுபவை. எல்லீஸ் நகர், அண்ணா நகர் போன்ற பகுதிகள் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியத் திட்டங்களால் வளர்ந்தவை.

அடுக்குமாடிக் குடியிருப்புகள்: வாங்குபவருக்கு வீட்டுடன், நிலத்தில் பிரிக்கப்படாத பங்கும் கிடைக்கும்.

ஊரக வீடுகள்: கூரை வீடுகளும் ஓட்டு வீடுகளும் படிப்படியாகக் கான்கிரீட் வீடுகளாக மாறி வருகின்றன. 2024இல் தொடங்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டிற்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது.

பொறுப்பாளர் யார்?

தனி வீட்டில் பெரும்பாலும் உரிமையாளரே மேலாளர். கூலி ஒப்பந்தத்தில் மேஸ்திரி ஆள்களை மட்டும் கொண்டுவருவார். சிமெண்டு, கம்பி, செங்கல் முதலியவற்றை உரிய நாளில் இறக்கித் தருவது உரிமையாளரின் வேலை. பொருள் வராவிட்டால் ஆள்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். சதுர அடிக் கணக்கிலான முழு ஒப்பந்தத்தில் பொருளும் ஆளும் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. இங்கு எந்தத் தரப் பொருள், எத்தனை மின்முனைகள், தண்ணீர்த் தொட்டியும் சுற்றுச்சுவரும் சேருமா என்பவற்றை எழுதிக்கொள்ளாவிட்டால், அவையே பின்னர் தகராறாகும்.

அடுக்குமாடியில் மேலாண்மை கட்டுமான நிறுவனத்திடம் இருக்கிறது. வாங்குபவரால் அன்றாட வேலையைப் பார்க்க முடியாது. எனவே 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் அவருக்குத் துணை நிற்கிறது. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது வீடுகள் எட்டுக்கு மேல் இருந்தால் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து, அத்திட்டத்தின் நிலத்திற்கும் கட்டுமானத்திற்கும் மட்டுமே செலவிட வேண்டும். ஒப்பந்தம் பதிவு செய்யும் முன் விலையில் 10 விழுக்காட்டிற்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறைகளை நிறுவனமே தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

மண்ணும் மழையும்

திருமங்கலம் பகுதியில் கரிசல் மண் பரவியுள்ளது. இது ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சாதாரண அடித்தளம் போட்டால் ஓரிரு ஆண்டுகளிலேயே சுவரில் சாய்வான விரிசல்கள் தோன்றலாம். இதற்கு அடிப்பகுதி குமிழ்போல் விரிந்த தூண் அடித்தளம் ஏற்றது. ஆழமான கரிசலில் இத்தூண்கள் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு, பின்னர் விரிசலைச் சரிசெய்யும் செலவுடன் ஒப்பிட மிகச் சிறியது.

மதுரையில் ஐப்பசி மழை வலுவானது. ஆடியில் தொடங்குவதைத் தவிர்த்துப் பலர் ஆவணியில் மனைப்பூசை செய்கின்றனர். அவ்வாறு செய்தால் மழைக்கு முன் அடித்தளத்தை முடித்து, குழிகளை மூடி, மண்ணை நிரப்பிவிட வேண்டும். தையில் தொடங்கினால் அடித்தளத்திற்கு வறண்ட காலம் கிடைக்கும். ஆனால் தளம் போடும் வேலை கோடையில் வருமாதலால் நீராற்றலுக்குத் தண்ணீரை முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். கண்மாய்க்கரைத் தாழ்நிலங்களில் மழைநீர் எங்கு நிற்கிறது என்று விசாரித்தே தரைமட்டத்தை முடிவு செய்ய வேண்டும்.

வேலை வரிசை

சில வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்க முடியும்; சில ஒரே நேரத்தில் நடக்கலாம். எது தாமதித்தால் முழுப் பணியும் தாமதிக்குமோ, அந்த வேலைகளின் தொடரே முக்கியப் பாதை எனப்படும். 1950களின் இறுதியில் அமெரிக்கத் தொழில் நிறுவனங்களில் உருவான இம்முறை சிறு வீட்டிற்கும் பொருந்தும்.

தளம் போடுவதை எடுத்துக்கொள்ளலாம். சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, மின்குழாய் பதித்த பிறகே கான்கிரீட் போட முடியும். மின்பணியாளர் இரண்டு நாள் தாமதித்தால் கான்கிரீட்டும் இரண்டு நாள் தள்ளிப்போகும். சன்னல் செய்யும் தச்சர் அதே இரண்டு நாள் தாமதித்தால் பெரும்பாலும் பாதிப்பில்லை. எனவே கவனம் முதலில் மின்பணியாளர் மீதே இருக்க வேண்டும்.

அவசரப்படுத்தக் கூடாத நாள்களும் உண்டு. இந்தியத் தர நிர்ணயம் 456இன்படி, வெப்பமும் வறட்சியும் மிக்க இடத்தில் கான்கிரீட்டை 10 நாள்களுக்குக் குறையாமலும், சாம்பல் கலந்த சிமெண்டானால் 14 நாள்களும் ஈரமாக வைத்திருக்க வேண்டும். சாதாரண போர்ட்லாந்து சிமெண்டில் போட்ட, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாள்களுக்கு முன்பும், அதற்கு மேற்பட்ட அகலமானால் 14 நாள்களுக்கு முன்பும் எடுக்கக் கூடாது. கலப்புச் சிமெண்டிற்கு இன்னும் கூடுதல் நாள்கள் தேவை. குடிபுகும் நாளை முதலில் குறித்துவிட்டு வேலையை அதற்குள் அடக்க முயலும்போது, பெரும்பாலும் வெட்டப்படுபவை இந்த நாள்கள்தாம். அந்த இழப்பு அன்று கண்ணுக்குத் தெரியாது; பின்னர் தளத்தில் கசிவாக வெளிப்படும்.

பணம் வழங்கும் முறை

பணத்தைத் தேதிக்கு அல்லாமல் முடிந்த வேலைக்குக் கொடுப்பது பாதுகாப்பானது. அடித்தளம், தரைமட்டம், நிலை வைத்தல், தளம், பூச்சு, தரை என்று நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பார்த்த பிறகு தவணையை அளிக்க வேண்டும். ஒரு சிறு பங்கை, ஒரு மழைக்காலம் கடக்கும்வரை நிறுத்திவைக்க ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். சுவருக்குள் மறையும் குழாய்களையும் மின்தடங்களையும் பூச்சுக்கு முன் படமெடுத்து, அனுமதி வரைபடத்துடன் சேர்த்து வைத்தால், பின்னாளில் ஆணி அடிக்கவும் பழுது பார்க்கவும் சுவரை உடைத்துத் தேட வேண்டியதில்லை.