டில்லி முள்ளும் பேரனின் சைக்கிளும்

வட ஆற்காட்டில் நான் பிறந்து வளர்ந்த கிராமத்தில் சீமைக் கருவேலத்துக்கு ‘டில்லி முள்’ என்று பெயர். வெட்டி வேலி போடுவோம், அடுப்பெரிப்போம், காலில் குத்திக்கொண்டு அழுவோம். 1978ல் மத்திய அரசு வேலை கிடைத்து நான் டில்லிக்கு ரயிலேறியபோது, “அந்த முள்ளு வந்த ஊருக்கா போற? செருப்பில்லாம நடக்காதே” என்று சொல்லித்தான் பாட்டி வழியனுப்பினாள்.

இங்கே வந்து பார்த்தால் இவர்கள் அதே மரத்தை ‘விலாயதி கீகர்’ என்கிறார்கள். அதாவது சீமையிலிருந்து வந்ததாம்! நாம் டில்லியைக் கைகாட்ட, டில்லி சீமையைக் கைகாட்டுகிறது. உண்மையில் அது மெக்ஸிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுபதுகளில் இந்தியாவுக்கு வந்தது. புது டில்லி உருவான காலத்தில் ரிட்ஜ் காட்டைப் பச்சையாக்க வெள்ளைக்காரர்கள் இதை நட்டார்கள். அது ரிட்ஜையும் அதைத் தாண்டி ஆரவல்லிக் குன்றுகளையும் ஆக்கிரமித்துக்கொண்டது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மரத்தோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. என் பேரனுக்கு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஆரம்பித்தது.

பையன் பத்தாம் வகுப்பு. வாரம் முழுக்கப் பள்ளி, டியூஷன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நண்பர்களோடு குருகிராம்-ஃபரீதாபாத் சாலையை ஒட்டிய காட்டுத் தடங்களில் சைக்கிள் ஓட்டுவான். மவுண்டன் பைக் என்றால் சும்மாவா? அகன்ற டயர், முன்பக்கம் ஸ்பிரிங், கல்லும் மேடும் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் ஓர் அங்குல முள்ளுக்கு முன் அது சரணாகதி. செப்டம்பர், அக்டோபர் இரண்டே மாதத்தில் நான்கு பஞ்சர். நாலாவது தடவை மாலை ஐந்தரை மணிக்கு, காட்டுக்குள், கைப்பேசியில் சிக்னல் இல்லாத இடத்தில். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இருட்டில் ஆறு கிலோமீட்டர் நடந்து சாலைக்கு வந்து, அங்கிருந்து போன் செய்தான். அவன் அப்பா காரில் போய் அழைத்து வந்தபோது மணி எட்டரை. மருமகள் அழுதுகொண்டே சாதம் போட்டாள். மறுநாள் காலையில் என்னிடம், “மாமா, அந்த சைக்கிளை வித்துடுங்க. நீங்க சொன்னாத்தான் அவன் கேட்பான்” என்றாள்.

நான் மூன்று மாதம் தவணை கேட்டேன். நான் மெக்கானிகல் டிப்ளமா படித்தவன். ஒரு முள்ளுக்குத் தோற்றுப்போக மனம் வரவில்லை.

முதலில் என் சொந்த அறியாமையைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் ஊரில் வாடகை சைக்கிள் கடையிலேயே பழிகிடந்தவன் என்ற தைரியத்தில் பஞ்சரை நானே ஒட்டினேன். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, ஒட்டை வைத்து அழுத்தி, வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்து, எல்லாம் சாஸ்திரப்படி. மறுநாள் காலை டயர் தரையோடு தரையாக இருந்தது. எங்கள் காலனி முனையில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பஞ்சர்வாலாவிடம் கொண்டுபோனேன். அவர் டியூபைத் தொடவே இல்லை. டயரின் உட்புறம் ஒரு பஞ்சுத் துண்டை மெதுவாகச் சுற்றி ஓட்டினார். ஓரிடத்தில் பஞ்சு இழை சிக்கிக்கொண்டது. அங்கே முள்ளின் நுனி ஒடிந்து, கண்ணுக்குத் தெரியாமல் நின்றிருந்தது. “பாபுஜி, டியூபுக்கு வைத்தியம் பண்ணினீர்கள், முள்ளை உள்ளேயே விட்டுவிட்டீர்கள்” என்று ஹிந்தியில் சிரித்தார். அன்று அந்த ஒரு டயரிலிருந்து மட்டும் பதினோரு முள் நுனிகளைக் குறட்டால் பிடுங்கினார். விரலால் தடவாதீர்கள், பஞ்சோ பழைய நைலான் துணியோ போதும்.

அவரிடம் கற்ற இன்னொன்று: டயரை மாட்டும்போது டயர் மேல் உள்ள கம்பெனிப் பெயர் வால்வுக்கு நேராக வருமாறு மாட்டவேண்டும். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை தூரமோ, டயரிலும் அத்தனை தூரத்தில் தேடினால் முள் அகப்படும்.

எங்களை வதைப்பவை முக்கியமாக இரண்டு முட்கள். ஒன்று கீகர் முள். சீமைக் கருவேலத்தின் முள் ஐந்து சென்டிமீட்டர் வரைகூட வளரும். நாட்டுக் கருவேலத்தின் வெள்ளை முள் அதைவிட நீளும். மலைச் சைக்கிள் டயரில் கட்டை கட்டையாகப் பட்டன்கள் இருந்தாலும், பட்டன்களுக்கு நடுவே ரப்பரும் துணியும் சேர்ந்து சில மில்லிமீட்டர் கனம்தான். அப்புறம் முள் உள்ளே வராமல் என்ன செய்யும்? இரண்டாவது, நமக்கெல்லாம் பழக்கமான நெருஞ்சி. இங்கே ‘கோக்ரு’ என்பார்கள். மழைக்காலத்தில் தரையோடு படர்ந்து மஞ்சள் பூ பூக்கும். மழை நின்றதும் காய் உலர்ந்து ஐந்தாகப் பிளக்கும். ஒவ்வொரு துண்டும் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்க்கும். அந்தக் காலத்தில் குதிரைப் படையைத் தடுக்க இதே வடிவத்தில் இரும்பில் செய்து தரையில் இறைப்பார்கள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் பரவிக் கிடக்கும் இந்த நெருஞ்சிக்கு, அங்கே ‘பங்க்சர் கொடி’ என்றே பெயர். அக்டோபரில் பஞ்சர் கூடியதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“காற்றை நன்றாக ஏற்றினால் முள் இறங்காது” என்று நம் சங்க நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். அது சரியல்ல. குறைந்த காற்றில் வருவது வேறு வகைப் பஞ்சர். கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். காற்றைக் கூட்டினால் அது குறையும். முள்ளுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. ஐம்பது கிலோ எடையுள்ள பையனுக்கு டியூபுள்ள அகன்ற டயரில் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வைத்திருக்கிறோம்.

பின் என்னதான் வழி? கடைக்காரர்கள் பல வழி சொன்னார்கள். டியூபே இல்லாத ‘டியூப்லெஸ்’ முறைதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது. ஆனால் அதற்கேற்ற ரிம்மும் டயரும் வேண்டும், எங்கள் சைக்கிளில் இரண்டும் இல்லை. வெளிப்பக்கம் தடித்த முள் தாங்கும் டியூப் இருக்கிறது. சாதாரண டியூபைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். நாங்கள் தேர்ந்தெடுத்தது லைனரும் சீலன்ட்டும்.

லைனர் என்பது டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கும் கெட்டியான பிளாஸ்டிக் பட்டை. பணம் செலவழிக்க வேண்டாம் என்றால் பழைய டியூபை வால்வை வெட்டிவிட்டு நீளவாக்கில் பிளந்து உள்ளே விரிக்கலாம். சின்ன நெருஞ்சிக்கு அது போதும், கீகருக்குப் போதாது. சீலன்ட் என்பது டியூபுக்குள் ஊற்றும் பால் போன்ற அல்லது பச்சை நிறத் திரவம். முள் குத்தினால் காற்று வெளியேறும்போது இந்தத் திரவமும் கூடவே ஓடிவரும். அதிலுள்ள நார்த்துணுக்கும் ரப்பரும் ஓட்டையில் சிக்கி அடைத்துவிடும். முள்ளைப் பிடுங்கி, ஓட்டை கீழே இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பிவைத்துக் காத்திருந்தால் போதும். ஊசி ஓட்டைக்குத்தான் இந்த உபாயம். கண்ணாடி கிழித்த கிழிசலையும் பாம்புக்கடியையும் அது மூடாது.

ஊற்றுவதற்கு கார் டயரில் இருப்பதுபோன்ற வால்வு தோது. குப்பியோடு வரும் சிறு சாவியால் உள்ளே உள்ள ஊசியைக் கழற்றி, குப்பியில் போட்ட அளவு ஊற்றவேண்டும். நம் பழைய கறுப்பு சைக்கிள்களில் ரப்பர் வால் டியூப் போட்ட வால்வு இருக்குமே, அதற்கு இது வேண்டாம்; ஒட்டிக்கொண்டு காற்றையே அடைத்துவிடும். ஊற்றியபின் வால்வை மேல்பக்கம் வைத்துச் சற்றுப் பொறுத்துத்தான் காற்றடிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரவம் பம்புக்குள் வரும். எனக்கு வந்தது. பால் வகை சீலன்ட் டில்லி வெயிலில் சில மாதத்திலேயே காய்ந்துவிடும் என்பதால் நாங்கள் பச்சை வகையை வாங்கினோம்.

நவம்பரில் இரண்டு சக்கரத்துக்கும் இந்த ஏற்பாடு செய்து முடித்தோம். சைக்கிள் கனக்கிறது என்று பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கனக்கத்தான் செய்கிறது. டிசம்பர் நடுவில், வெற்றி முரசு கொட்ட நான் தயாராக இருந்தபோது, பின் சக்கரம் இறங்கிவிட்டது. மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, காலண்டரைப் பார்த்தாள். கழற்றிப் பார்த்தால் முள்ளே இல்லை. லைனர் பட்டையின் இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில், அதன் கூரான விளிம்பு டியூபை அறுத்திருந்தது. முனையை வளைவாக வெட்டி உப்புத்தாளால் மழுங்கத் தேய்த்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது. அதை ஒப்புக்கொண்டு தவணையைப் பிப்ரவரி வரை நீட்டிக் கேட்டேன்.

பையனின் ஓட்டத்திலும் இரண்டு மாற்றங்கள் செய்தோம். ஹரியானா கிராமங்களில் வயலைச் சுற்றிக் கீகர் கிளைகளை வெட்டி வேலியாகப் போடுகிறார்கள். அந்த முட்கள் தடத்தின் ஓரத்தில்தான் கிடக்கும். ஆகவே நடுத்தடத்திலேயே ஓட்ட வேண்டும். வேலிக்கிளை குறுக்கே கிடந்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்ட வேண்டும். நின்று தண்ணீர் குடிக்கும் இடத்திலெல்லாம் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மேலாகக் குத்தி நிற்பதைப் பிடுங்கிவிட வேண்டும். முள் உருண்டு உருண்டுதான் உள்ளே இறங்குகிறது.

பையில் எப்போதும் ஒரு புது டியூப், இரண்டு பிளாஸ்டிக் டயர் லீவர், சின்ன பம்பு, ஒட்டுத் துண்டுகள், குறடு, கொஞ்சம் பஞ்சு. டியூபின் அளவு டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் டயரை நெம்பாதீர்கள், அதுவே ஒரு முள்தான். வீட்டுக் கூடத்தில் பேரனை உட்கார வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, டியூப் மாற்றச் சொன்னேன். முதல் தடவை நாற்பது நிமிஷம். இப்போது பன்னிரண்டு.

பிப்ரவரி கடைசி ஞாயிறன்று டயர்களைக் கழற்றினோம். நடுவில் பஞ்சர் ஒன்றும் இல்லை. பின் டயரின் லைனரில் மூன்று கீகர் நுனிகள் முட்டி மழுங்கி நின்றன. முன் டியூபில் இரண்டு இடத்தில் பச்சைப் புள்ளி. குத்தியதும் தெரியாது, அடைத்ததும் தெரியாது. பேரன் மூன்று நுனிகளையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவள் பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள்.

“சைக்கிளுக்கு ஒரு நல்ல லைட் வாங்கிக் குடுங்க மாமா” என்றாள்.