உயிர்த்தொழில்நுட்ப மேற்படிப்பு: பெற்றோர் கவனிக்க வேண்டியவை

தருமபுரி ஜில்லாவில் குச்சிக்கிழங்கு பயிரிடுவோர் தேமல் நோயை நன்கறிவர். இலை மஞ்சள் பூத்துச் சுருங்கும்; கிழங்கு சிறுக்கும். இதற்குக் காரணமான வைரஸை வெள்ளை ஈக்கள் செடிக்குச் செடி பரப்புகின்றன. நோயுற்ற கரணையை நட்டால் மறு பயிரும் நோயுடனேயே முளைக்கும். இதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. ஆயினும் நுனிக்குருத்தின் மிக நுண்ணிய பாகத்தை வைரஸ் பெரும்பாலும் எட்டுவதில்லை. அப்பாகத்தை எடுத்து, கிருமியற்ற கண்ணாடிக் குழாயில் சர்க்கரையும் தாது உப்புக்களும் கலந்த ஊடகத்தில் வளர்த்து, நோயற்ற கன்றுகளைப் பெறலாம். இத்தகைய வேலைகளைக் கற்பிப்பதே உயிர்த்தொழில்நுட்பம். இதற்கென மத்திய சர்க்கார் 1986-ல் தனி இலாகா அமைத்தது.

இப்படிப்பில் பிள்ளைகளைச் சேர்க்குமுன் அவர்கள் நாடும் உத்தியோகம் யாதென்று தீர்மானித்தல் அவசியம். வேளாண்மை அலுவலர் பதவியை விரும்புவோர் முதலில் வேளாண்மைப் பட்டம் பெறவேண்டும். உயிர்த்தொழில்நுட்பப் பட்டம் அதற்குத் தகுதியாகாது. வேளாண்மைப் பட்டம் பெற்றவர், 1971-ல் கோயமுத்தூரில் ஏற்பட்ட தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பின்னர் உயிர்த்தொழில்நுட்பத்தை மேற்படிப்பாகக் கற்கலாம். ஆகவே இவ்வழியில் இரு கதவுகளும் திறந்திருக்கும்.

மத்திய இலாகாவின் உதவி பெறும் மேற்படிப்புகளுக்கு 2020 முதல் 'காட்-பி' என்னும் அகில இந்தியப் பரீட்சை நடைபெற்று வருகிறது. அதன் முதற்பகுதி பன்னிரண்டாம் வகுப்புப் பௌதிகம், இரசாயனம், கணிதம், உயிரியல் ஆகியவற்றைப் பற்றியது. மறு பகுதி பட்டப்படிப்பைச் சார்ந்தது. பள்ளிப் பாடத்தை, முக்கியமாய்க் கணிதத்தை, கைவிட்டவர் இதில் இடர்ப்படுவர்.

வெறும் இளநிலைப் பட்டத்தைக் கொண்டு நல்ல வேலை கிட்டுவது அரிது. திசு வளர்ப்புக் கூடம், விதைக் கம்பெனி, நுண்ணுயிர் உரத் தொழிற்சாலை, பெங்களூரிலுள்ள மருந்துத் தொழிற்சாலைகள் ஆகியவற்றில் கைப்பழக்கமே முதலில் கேட்கப்படும். ஆதலின் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டிடத்தைப் பாராமல், ஆய்வுக்கூடத்தில் மாணவர் தம் கையாலேயே சோதனை செய்கின்றனரா என்று விசாரித்தறிக. நிலத்தை அடகு வைத்துச் சம்பளம் கட்டுமுன் இவ்விசாரணை இன்றியமையாதது.

கிராம அதிகாரிகள் சாதி, வருமானச் சான்று மனுக்களைத் தாமதமின்றி விசாரித்து அனுப்புதல் வேண்டும். சான்று காலத்தில் கிட்டாவிடில் தகுதியுள்ள மாணவரும் ஓராண்டை இழக்க நேரிடும்.

வயலில் நோய்க்குறி கண்டறிந்து வளர்ந்த பிள்ளைக்கு இக்கல்வி எளிதில் விளங்கும். விடுமுறை நாட்களில் அவர்களைப் பயிரை விட்டு விலக்காதிருத்தல் நலம்.