இல்லத்தில் மின்சாரச் சிக்கனம்

மலையிலிருந்து வீழும் நீரே மின்சாரமாகி விளக்கில் எரிகின்றது என்பதை மூணாறு, தேவிகுளம் பகுதித் தமிழர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பள்ளிவாசலில் 1940ஆம் ஆண்டிலேயே நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. குறவன், குறத்தி என்னும் இரு குன்றுகளுக்கிடையே பெரியாற்றைத் தடுத்து எழுப்பிய இடுக்கி அணையின் நீர், மூலமட்டத்தில் 1976 முதல் மின்சாரம் தந்து வருகின்றது. அந்நிலையத்தின் திறன் 780 மெகாவாட். ஆயினும், கேரளம் தனக்கு வேண்டிய மின்சாரத்தின் பெரும்பகுதியை வெளியிலிருந்தே விலைக்கு வாங்குகின்றது. ஆதலின் அணைக்கு அருகில் வாழ்வோருக்கும் மின்சாரம் மலிவுப் பொருள் அன்று.

தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டு முதல், இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் வரை வீடுகளுக்குக் கட்டணமின்றி வழங்கப்பட்டது. அப்பழக்கத்தோடு எல்லை கடந்து கொழிஞ்சாம்பாறையிலோ தேவிகுளத்திலோ குடியேறுவோர் வேறொரு கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டும். 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட கேரளக் கட்டண முறையில், மாதம் 250 யூனிட் வரை கட்டணம் படிப்படியாக உயரும். கீழ்ப்படியின் யூனிட்டுக்குக் குறைந்த விலை, மேற்படியின் யூனிட்டுக்குக் கூடிய விலை. 250ஐத் தாண்டிவிட்டாலோ படிகள் மறைந்துவிடும். முதல் யூனிட் தொடங்கி அத்தனைக்கும் ஒரே உயர்ந்த விலை. பில் இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை வருவதால், 500 யூனிட்டே எல்லைக் கோடு. 490 யூனிட் செலவிட்ட வீட்டுக்கும் 510 செலவிட்ட வீட்டுக்கும் உள்ள வேற்றுமை வெறும் 20 யூனிட்டின் விலை அன்று என்பது இதனால் விளங்கும்.

500ஐ எட்டாத சிறு குடும்பத்துக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. நாம் குறைக்கும் யூனிட் எப்போதும் மேற்படியிலிருந்தே குறைகின்றது. அஃதாவது, விலை கூடிய யூனிட்டே முதலில் மிச்சமாகின்றது.

இனி, யூனிட் என்பது யாது? 1,000 வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட். வாட்டை மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் போதும். இக்கணக்கைச் சமவெளிக்கும் மலைக்கும் தனித்தனியே போட்டுப் பார்ப்போம்.

சித்தூர் வட்டாரத்தில் கோடை கடுமையானது. மின்விசிறி ஓயாது சுழலும். 75 வாட் பழைய மின்விசிறி நாள்தோறும் 12 மணி நேரம் சுழன்றால், 60 நாளில் 54 யூனிட். ஏறக்குறைய 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. வகை மின்விசிறிக்கு 22 யூனிட்டுக்கும் குறைவே ஆகும். 2023 முதல் கூரை மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வாங்கும்போது விலையோடு அக்குறியையும் நோக்குக.

மலைப்பகுதியில் மின்விசிறிக்கு வேலை குறைவு, வெந்நீருக்கே செலவு. 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். இரண்டு மாதத்தில் 60 யூனிட். வீட்டார் அனைவரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டு உடனே நிறுத்தினால், சூடான நீர் ஆறி மீண்டும் சூடேறும் வீண்செலவு தவிரும். சொந்த வீடுடையோர் சூரிய வெப்பத்தில் நீர் காய்ச்சும் சாதனத்தைக் கூரைமேல் அமைக்கலாம். மழைக்காலத்தில் மட்டும் அது போதாமற்போகும்.

இரு பகுதிக்கும் பொதுவானது விளக்கு. 60 வாட் குண்டுபல்பு நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்தில் 18 யூனிட்; 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 3 யூனிட்டும் ஆகாது. தொலைக்காட்சியை ரிமோட்டால் அணைத்துவிட்டு உறங்கச் செல்கிறோம். அதனோடு இணைந்த பெட்டி விழித்தே இருக்கின்றது. அது 10 வாட் இழுத்தாலும், பகலும் இரவுமாக இரண்டு மாதத்தில் 14 யூனிட்டைக் கடந்துவிடும். சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பதே உண்மையில் அணைப்பதாகும்.

நேரமும் கருதத்தக்கது. மாலை 6 மணி முதல் 10 மணி வரை மின்தேவை மிகுதி. மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவிடுவோருக்கு அந்நேரத்தில் கூடிய விலையும், பகலில் குறைந்த விலையும் 2025இல் நடைமுறைக்கு வந்தன. அத்தகைய வீட்டார் இஸ்திரி போடுதல், நீரேற்றுதல் ஆகியவற்றைப் பகலிலேயே முடித்துக்கொள்வது நலம்.

பில் நமக்குப் பழக்கமில்லாத மொழியில் இருப்பதால் படிக்காமலே மடித்து வைக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. எண்களுக்கு மொழி இல்லை. முந்தைய அளவு, இப்போதைய அளவு, இரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமை ஆகிய மூன்றையும் பள்ளி செல்லும் பிள்ளையும் படித்துச் சொல்லும். ஞாயிறுதோறும் மீட்டரின் எண்ணை நாட்காட்டியில் குறித்து வாருங்கள். வாரத்துக்கு 58 யூனிட்டைத் தாண்டினால், எல்லைக்கோடு அண்மையில் உள்ளது என்று பொருள். பில் வந்தபின் வருந்துவதைவிட, பாதி வழியிலேயே எச்சரிக்கை பெறுவது மேலன்றோ?